பழவேற்காடு நண்டு: எதை வாங்கலாம், எதை விட வேண்டும்?

சென்னைக்கு வடக்கே சுமார் 60 கி.மீ. தொலைவில், பொன்னேரி வட்டத்தில் அமைந்துள்ளது பழவேற்காடு. ஒடிசாவின் சில்காவுக்கு அடுத்தபடியாக நம் நாட்டின் பெரிய உவர்நீர் ஏரி இதுவே. ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருப்பினும், அது கடலைச் சேரும் பழவேற்காடு முகத்துவாரம் தமிழ்நாட்டில் உள்ளது. இங்கே பிடிபடும் சேற்று நண்டுக்குச் சென்னையிலும், உயிருடன் இறக்குமதி செய்யும் வெளிநாடுகளிலும் நல்ல கிராக்கி உண்டு. அந்தக் கிராக்கியே இன்று நண்டுக்கு வினையாகி வருகிறது.

இதைப் புரிந்துகொள்ள நண்டின் வாழ்க்கையை அறிதல் அவசியம். சேற்று நண்டு வளர்வது ஏரியிலும் அலையாத்திக் காட்டுச் சேற்றிலும். ஆனால் முட்டை பொரிப்பது கடலில். இணை சேர்ந்த பெண் நண்டு முகத்துவாரம் வழியே கடலுக்குச் சென்று, அடிவயிற்று மடலில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட முட்டைகளைச் சுமக்கும். முட்டைத்திரள் முதலில் ஆரஞ்சு நிறமாக இருந்து, பின் பழுப்பாகி, பொரியும் தறுவாயில் கறுத்துவிடும். பொரிந்த இளம் உயிரிகள் சில வாரங்கள் கடலில் மிதந்து, குஞ்சு நண்டாக மாறும் பருவத்தில் மீண்டும் கரைப்பக்கம் ஒதுங்குகின்றன. முகத்துவாரம் மணல்மேடிட்டு அடைபட்டால் தாய் நண்டு வெளியே போகவும் வழியில்லை, குஞ்சு உள்ளே வரவும் வழியில்லை. கோடையில் முகத்துவாரம் தூர்ந்து போவதைப் பற்றி மீனவர்கள் ஓயாமல் முறையிடுவது படகு போக வழியில்லை என்பதற்காக மட்டுமன்று.

முகத்துவாரத்தைத் திறந்து வைப்பது அரசின் பணி. எந்த நண்டை எடுப்பது என்பது பிடிப்பவர், வாங்குபவர் இருவர் கையிலும் உள்ளது.

சந்தையில் நண்டைக் கவிழ்த்து அடிவயிற்று மடலைப் பார்த்தல் வேண்டும். ஆணுக்கு மடல் ஒடுங்கி முக்கோணமாக இருக்கும். முதிர்ந்த பெண்ணுக்கு அது அகன்று, வளைந்து, கருமை படர்ந்திருக்கும். பருவமடையாத பெண்ணின் மடல் இரண்டுக்கும் இடைப்பட்டு, வெளிறிய முக்கோண வடிவில் இருக்கும். இது ஒருமுறைகூட முட்டையிடாத நண்டு. இதைத் தவிர்ப்பது நலம். மடலுக்கு வெளியே முட்டைத்திரள் தெரியும் நண்டை வாங்கவே கூடாது. சேற்று நண்டு முட்டை சுமப்பது கடலில் என்பதால், இக்கோலத்தில் கடைக்கு வருவது பெரும்பாலும் நீல நண்டும் முப்புள்ளி நண்டுமே. நம்மவர் விரும்பிக் கேட்கும் 'சினை நண்டு' வேறு. அதில் சினை ஓட்டுக்குள் இருக்கும். ஆனால் அதுவும் கடலுக்குப் புறப்படத் தயாரான தாய்தான். சதைக்காக வாங்குவோருக்குக் கொடுக்கு பெருத்த ஆண் நண்டே இலாபம்.

அடுத்தது தண்ணீர் நண்டு. ஓடு கழற்றிய புதிதில் நண்டின் உள்ளே சதை குறைந்து நீரே மிகுந்திருக்கும். கால்கள் தொடங்கும் இடத்தில் அடிப்புறத்தைக் கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கும். இதை வாங்குவோர் தண்ணீருக்குக் காசு கொடுக்கின்றனர். விற்பவருக்கும் நட்டமே. இத்தகைய நண்டுகளைக் குளத்திலோ கூண்டிலோ விட்டு, கழிவு மீன் போட்டு மூன்று நான்கு வாரம் கொழுக்க வைத்தால் எடையும் விலையும் கூடும். முழு வளர்ப்பை நாடுவோருக்காக, சீர்காழி அருகே தொடுவாயில் ராஜீவ் காந்தி நீர்வாழ் உயிரின வளர்ப்பு மையம் பொரிப்பகம் அமைத்துச் சேற்று நண்டுக் குஞ்சு வழங்கியுள்ளது. ஏரிக் குஞ்சை வாரிக் குளத்தில் விடுவதைவிட இது எவ்வளவோ மேல்.

பிடிக்கும் முறையிலும் வேறுபாடு உண்டு. இங்குள்ள இருளர் மக்கள் ஆழமற்ற நீரில் கையால் தடவியே இறாலும் நண்டும் பிடிக்கின்றனர். கையில் அகப்பட்ட குஞ்சை உயிருடன் விட்டுவிட முடியும். கூட்டில் சிக்கியதும் அப்படியே. நெருங்கிய கண்ணுள்ள வலையோ நண்டுக் குஞ்சு, மீன் குஞ்சு எல்லாவற்றையும் சேர்த்து அரித்துவிடும்.

ஏரிக்குக் கட்டுப்பாடு புதிதல்ல. இறாலுக்கான சுத்துவலைக்கு இங்கே 'பாடு' முறை தலைமுறைகளாக இருந்து வருகிறது. உரிமையுள்ள தலைக்கட்டுகள் முறை வைத்து, குறித்த இடத்தில் வலை கட்டுவர். நண்டுக்கு அத்தகைய முறை இல்லாததுதான் குறை. முட்டை நண்டைத் திருப்பி விடும் மீனவருக்கு அன்றைய கூலியில் ஒரு பகுதி போகிறது. அதையே அடுத்த வலை எடுத்துக்கொண்டால் அவர் ஏன் விட வேண்டும்? கேரள அரசு 2015-இல் 14 வகைகளுக்கும், 2017-இல் மொத்தம் 58 வகைகளுக்கும் பிடிக்கத்தக்க குறைந்தபட்ச அளவை நிர்ணயித்தது. அதுபோன்ற அளவு எல்லோருக்கும் ஒன்றாக இருந்தால்தான் விட்டவர் ஏமாளியாக மாட்டார். அதுவரை, முட்டை நண்டு வேண்டாம் என்று வாங்குவோர் மறுத்தால் வியாபாரி அதற்கு விலை வைக்கமாட்டார்.

நம் கடலோரத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்குத் தடை உண்டு. அந்நாட்களில் சிறு படகுகளும் ஏரிகளுமே சந்தைக்கு மீன் தருவதால், அப்போது பொறுக்கி வாங்குதல் இன்னும் அவசியம். ஏரி மீன்களில் மடவையும் கிழங்கானும் கைக்கு அடக்கமான விலையில் கிடைக்கக்கூடியவை. கொடுவாவில் ஒரு விசேஷம்: இளமையில் ஆணாக இருந்து வளர்ந்தபின் பெண்ணாக மாறும் மீன் அது. ஆகவே மிகப் பெரிய கொடுவா அனேகமாகத் தாய் மீனே. நடுத்தர அளவு வாங்குவது உத்தமம்.

சேற்று நண்டைக் கொடுக்குகள் கட்டிய நிலையில் உயிருடனே வாங்க வேண்டும். செத்த நண்டு விரைவில் கெட்டுவிடும். ஈரச் சாக்கு போர்த்தி நிழலில் வைத்தால் வீடு வந்து சேரும்வரை உயிரோடிருக்கும். வாளி நீரில் மூழ்க வைத்தால் மூச்சுமுட்டி இறந்துவிடும்.