கைப்பேசியில் ஞாபகமூட்டும் ஏற்பாடு

புதுக்கோட்டைச் சீமையில் நெடுங்காலமாகச் சர்க்கார் சேதிகள் தண்டோரா மூலமாகவே குடிகளுக்கு எட்டி வந்தன. 2022ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், அவ்வழக்கத்தைக் கைவிட்டு, வாகனத்தில் ஒலிபெருக்கி வைத்து அறிவிக்குமாறு தமிழ்நாட்டுத் தலைமைச் செயலாளர் அறிவுறுத்தினார். இப்பொழுது வேளாண்மைச் சேதிகளிற் பல கைப்பேசிக்கே வந்துவிடுகின்றன. ஆயினும் பழைய குறை நீங்கவில்லை. தண்டோராவைப் போலவே இச்சேதியும் ஒரு முறை ஒலித்து ஓய்கின்றது. நடவு வேலைக்கிடையே அதைப் பார்ப்பவர், மாலையில் கவனிக்கலாமென்று வைக்கின்றார். அதற்குள் வேறு பல சேதிகள் வந்து அதை மூடிவிடுகின்றன.

இதனால் விளையும் நஷ்டம் சிறிதன்று. 2016இல் தொடங்கிய பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், ராபி பருவத்து உணவுப் பயிர்களுக்கு விவசாயி செலுத்த வேண்டியது காப்பீட்டுத் தொகையில் 1.5 சதவீதமே. ஆனால் இறுதி நாள் தவறினால், பயிர் முழுவதும் அழிந்தாலும் இழப்பீடு பெற வழியில்லை. சம்பா நெல்லுக்கு 2022, 2023, 2024 ஆகிய ஆண்டுகளில் நவம்பர் 15 இறுதி நாளாகக் குறிக்கப்பட்டுப் பின்னர் நீட்டிக்கப்பட்டது. நீட்டிப்பை நம்பியிருத்தல் விவேகமாகாது.

விவசாயிகள் செய்யத்தக்கது

சேதி வந்தவுடனே கைப்பேசியிலுள்ள நாட்காட்டியைத் திறந்து, இறுதி நாளையும் காரியத்தையும் பதிந்து, முன்னறிவிப்பு மணியையும் அமைத்தல் வேண்டும். மணி இறுதி நாளன்று அடித்துப் பயனில்லை. கிராம நிர்வாக அலுவலரிடம் அடங்கல் பெறவும், ஆதார், வங்கிப் புத்தகம் முதலியவற்றின் நகல் எடுக்கவும் அவகாசம் வேண்டும். ஆகையால் 10 நாள் முன்னர் ஒன்றும், 3 நாள் முன்னர் ஒன்றுமாக இரு மணிகள் அமைப்பது நலம்.

சாகுபடி வேலைக்கும் இம்முறை ஏற்றது. உளுந்துக்குப் பூக்கும் பருவத்தில் ஒரு முறையும், 15 நாள் கழித்து மறுமுறையும் 2 சதவீத டி.ஏ.பி. கரைசல் தெளிப்பது வழக்கம். ஏக்கருக்கு 4 கிலோ டி.ஏ.பி.யை 10 லிட்டர் நீரில் முதல் நாள் மாலையே ஊறவைத்து, மறுநாள் தெளிந்த நீரை வடித்தெடுத்து, 190 லிட்டர் நீர் சேர்த்தல் வேண்டும். ஆகவே முதல் தெளிப்பு முடிந்த அன்றே, 14ஆம் நாள் மாலைக்கு மணி அமைத்துக்கொள்க. 15ஆம் நாள் காலையில் அடிக்கும் மணி, உரம் ஊறாத வாளியையே நினைவூட்டும்.

கிராம அலுவலர்கள் செய்யத்தக்கது

சேதி அனுப்புவோரும் ஒரு முறை அனுப்பியதோடு அமையலாகாது. கூகுள் மெசேஜஸ் செயலியில் சேதியை எழுதி, அனுப்பும் குறியைச் சற்று அழுத்திப் பிடித்தால் நாளும் வேளையும் குறிக்க இடம் தோன்றும். குறித்த வேளையில் அது தானாகவே செல்லும். அப்பொழுது கைப்பேசி இயக்கத்திலும் இணையத் தொடர்பிலும் இருத்தல் அவசியம். இறுதி நாள், கொண்டுவர வேண்டிய பத்திரங்கள், செல்ல வேண்டிய இடம் ஆகிய மூன்றும் ஒவ்வொரு சேதியிலும் இருக்கட்டும். தேதி மாறினால் காத்திருக்கும் பழைய சேதியை உடனே நீக்குக.

அற்ப காரியங்களுக்கெல்லாம் மணி வைத்தால், ஒலி கேட்டவுடன் நிறுத்துவதே பழக்கமாகிவிடும். பயிரும் பணமும் பற்றிய காரியங்களுக்கு மட்டும் வைத்துக்கொள்வதே உத்தமம். இவ்வேற்பாட்டுக்குச் செலவாவது சில நிமிஷங்களே; அது காப்பதோ ஒரு போகத்தின் பலன்.