பறவை காணச் செல்லும் நீரிழிவு நோயாளர்களுக்கு

குளிர்காலத்தில் குடும்பத்துடன் ஓரிரு நாள் சென்னைக்குச் செல்வோர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தையும் கண்டு வரலாம். 2022ஆம் ஆண்டில் ராம்சர் பட்டியலில் இடம்பெற்ற இந்நீர்நிலையில் பூநாரை, கூழைக்கடா, நத்தைக்குத்தி நாரை முதலிய பறவைகள் இரைதேடும். இன்சுலின் செலுத்திக்கொள்வோரும் இம்மகிழ்ச்சியைத் துறக்க வேண்டியதில்லை. காலை உணவைத் தவிர்க்காதிருந்தால் போதும்.

பறவை காண உகந்த நேரம் விடியற்காலை. ஆகவே பலர் உண்ணாமலே புறப்பட்டுவிடுகின்றனர். நடக்கும்போது தசைகள் இரத்தச் சர்க்கரையைக் கூடுதலாக எடுத்துக்கொள்கின்றன. உடலில் செலுத்திய இன்சுலினோ, உணவு வராவிட்டாலும் தன் வேலையை நிறுத்துவதில்லை. இவ்விரண்டும் சேரும்போது சர்க்கரை அளவு தாழ்ந்துவிடுகிறது. சில நீரிழிவு மாத்திரைகளாலும் இவ்வாறு நேரலாம்.

திடீர் வியர்வை, கைநடுக்கம், படபடப்பு, பேச்சில் தடுமாற்றம் ஆகியவை இதன் அறிகுறிகள். உடன் செல்வோர் இவற்றை வெயிற்களைப்பு என எண்ணி வாளாவிருத்தல் கூடாது. அளவு 70 மில்லிகிராமுக்குக் கீழே இருந்தாலோ, சோதிக்கக் கருவி இல்லாவிட்டாலோ, மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்து உடனே பருகக் கொடுங்கள். 15 நிமிடங்களில் தெளிவு ஏற்படாவிடில் மீண்டும் கொடுங்கள்; தெளிந்தபின் உணவளியுங்கள். நினைவிழந்தவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், 108ஐ அழையுங்கள்.

இன்சுலினை வெயிலில் நிறுத்திய காருக்குள் விட்டுச்செல்லாதீர்கள். பாதங்களில் உணர்ச்சி குன்றியவர்கள் மூடிய காலணி அணிந்தே நடக்க வேண்டும். பயணநாளின் மருந்தளவை முன்னதாகவே உங்கள் மருத்துவரிடம் கேட்டறியுங்கள். பைனாகுலர் வைக்கும் பையில் சர்க்கரைப் பொட்டலமும் தண்ணீரும் இருக்கட்டும்.