ஒரு குடியானவர் மனைவியின் வாழ்க்கை

பண்ணைக் கணக்கு எழுதுங்கால் விதை, எரு, கூலி, மாட்டுத் தீனி ஆகிய எல்லாவற்றையும் எழுதுகிறோம். வீட்டு அம்மாளின் உழைப்பை மட்டும் எழுதுவதில்லை. இவ்வுழைப்பின் மதிப்பை அறிய, லாரா இங்கல்ஸ் வைல்டர் என்னும் அமெரிக்கக் குடியானவர் மனைவியின் சரித்திரம் மிகவும் உதவும்.

1867-ம் வருஷம் பிறந்த இவ்வம்மையார், டகோட்டா பிரதேசத்தில் கோதுமை பயிரிட்டுவந்த அல்மான்சோ வைல்டரை 1885-ல் மணந்தார். மறு வருஷம் ரோஸ் என்ற பெண் குழந்தை பிறந்தது. அதன் பின்னர் மழை பொய்த்தது, கடன் பெருகிற்று. 1888-ல் டிப்தீரியா என்னும் தொண்டை நோய் தம்பதிகள் இருவரையும் பீடித்தது. கணவருக்குக் கால்கள் பலங்குன்றின. 1889 ஆகஸ்டு மாதத்தில், பிறந்து ஒரு மாதமும் நிரம்பாத ஆண் சிசு இறந்தது. அதே மாதத்தில் வீடும் எரிந்துபோயிற்று.

1894-ல் மூவரும் குதிரை வண்டியில் சுமார் 650 மைல் பிரயாணம் செய்து, மிஸ்ஸூரி மாகாணத்தின் மான்ஸ்பீல்டு என்னும் ஊரை அடைந்தனர். சேமித்து வைத்திருந்த 100 டாலரை முன்பணமாகக் கொடுத்து, கல்லும் காடுமான 40 ஏக்கர் பூமியை வாங்கினர். மரமறுக்கும் இருகைப்பிடி ரம்பத்தின் ஒரு முனையைக் கணவரும் மறுமுனையை அம்மையாரும் பிடித்தனர். தொடக்கத்தில் விறகும் முட்டையும் விற்ற வருமானம் குடும்பத்தைத் தாங்க உதவிற்று. நாளடைவில் நிலம் சுமார் 200 ஏக்கராயிற்று.

கோழி வளர்ப்பில் அம்மையார் பெற்ற தேர்ச்சி அக்கம்பக்கத்தில் பிரசித்தமாயிற்று. இதன் பயனாக, 1911 முதல் 1924 வரை 'மிஸ்ஸூரி ரூரலிஸ்ட்' என்னும் விவசாயப் பத்திரிகையில் எழுதி வந்தார். மனைவி பண்ணையின் வேலைக்காரியல்லள், சமமான கூட்டாளியே என்பது அவர் வற்புறுத்திய கருத்து. உள்ளூர் விவசாயக் கடன் சங்கத்தின் காரியதரிசியாகவும் பொக்கிஷதாராகவும் பல வருஷங்கள் பணியாற்றி, அயலார்க்கும் நிலக் கடன் கிடைக்கச் செய்தார். 1932-ல், தமது 65-வது வயதில், இளமைக்கால நினைவுகளைக் கதை நூலாக வெளியிட்டு உலகப் புகழ் பெற்றார். 1957-ல், 90 வயது நிரம்பிய மூன்றாம் நாள், அப்பண்ணை வீட்டிலேயே காலமானார்.

நம் வீடுகளிலும் விதையைக் காயவைத்துப் பத்திரப்படுத்துவதும், கறவை மாட்டையும் கோழியையும் பேணுவதும் பெரும்பாலும் பெண்மக்களே. பயிர் கெட்ட வருஷத்தில் அடுப்பெரியச் செய்வது அவர்கள் ஈட்டும் சிறு வருமானமேயாகும். ஆகவே, குடியானவர்கள் பால், முட்டை, கொல்லைக் காய்கறி ஆகியவற்றின் வரவை இவ்வருஷம் முதல் தனிப் பத்தியில் எழுதி வருவார்களாக. நிலம் வாங்குமுன்னும் கடன் பத்திரத்தில் கையொப்பமிடுமுன்னும் மனைவியின் யோசனையைக் கேட்பார்களாக. கிராம உத்தியோகஸ்தர்களும் பயிர்க் காட்சிகளுக்கும் கூட்டங்களுக்கும் ஆடவரோடு பெண்டிரையும் அழைப்பது நலம். வருஷ முடிவில் அத்தனிப் பத்தியைக் கூட்டிப் பார்ப்பவர்க்கு, பண்ணையை நடத்துவோர் இருவர் என்பது எளிதில் விளங்கும்.