சிசுமரண வீழ்ச்சியும் தடுப்பு மருத்துவமும்: ஒரு சமூகவியல் நோக்கு

மலேரியாக் கொள்ளைநோய் பரவிய 1935ஆம் ஆண்டில், இலங்கையில் உயிருடன் பிறந்த ஒவ்வோராயிரம் குழந்தைகளுள் 263 குழந்தைகள் ஒரு வயது நிறையுமுன்னரே மாண்டன. 1946இல் 141 ஆகவிருந்த இவ்வீதம் மறுவருடமே 101 ஆயிற்று. இவ்வீழ்ச்சியை டி.டி.ரி. மருந்தின் சாதனையென மட்டும் கொள்வோர் உளர். நுளம்பொழிப்பின் பங்கினை நாம் மறுக்கவில்லை. ஆயின் 1926இல் களுத்துறையில் தோன்றிய சுகாதாரப் பிரிவு முறையை விட்டுவிட்டு இதனை விளக்குதல் இயலாது. அம்முறையில் மருத்துவம் நோயாளியின் வருகைக்காகக் காத்திருக்கவில்லை. மருத்துவமாது வீடுதேடிச் சென்று கருவுற்ற தாயைப் பதிந்தாள். பேற்றின் பின்னரும் சென்று சிசுவின் தொப்புள், பாலூட்டல், வளர்ச்சி ஆகியவற்றைக் கவனித்தாள். 1931இல் சர்வசன வாக்குரிமை பெற்ற கிராமத்தவரால் இத்தகைய சேவைகளைத் தம் பிரதிநிதிகளிடம் கோரவும் முடிந்தது.

இதன் மறுதலையைப் பெருந்தோட்டங்களிற் காண்கிறோம். அங்கு சுகாதாரம் நெடுங்காலம் தோட்ட நிருவாகத்தின் பொறுப்பிலேயே விடப்பட்டது. இலாபத்தைக் கணக்கிடும் நிருவாகம் இதில் எவ்வளவு செலவிடும் என்பதை விரித்துரைக்க வேண்டியதில்லை. தாய் கொழுந்தெடுக்கச் செல்ல, சிசு பிள்ளைக்காம்பராவில் விடப்பட்டது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும் அதனைத் தொடர்ந்த தேர்தற் சட்டமும் இம்மக்களுட் பெரும்பாலாரின் வாக்கையும் பறித்தன. 1974இல் உணவுத் தட்டுப்பாடு நேர்ந்தபோது சிசுமரணம் மிகக் கடுமையாக உயர்ந்ததும் இவர்தம் லயங்களிலேதான்.