புள்ளினம் காணச் செல்வோம்



எங்கள் ஊர் புள்ளலூர். பழந்தமிழில் ‘புள்’ என்றால் பறவை. இதைக்கொண்டு ஊர்ப்பெயருக்குக் காரணம் கற்பிக்க நான் முற்படவில்லை. ஆயினும், கார்த்திகையில் ஏரி நிரம்பியதும் நாரைகள் வந்திறங்கும் காட்சியை இளமை முதலே கண்டவன் நான். அவற்றை நன்கு காண விரும்புவோர் செல்லத்தக்க இடங்கள் இரண்டு: வேடந்தாங்கல், கரிக்கிலி.

வேடந்தாங்கல் ஏரி ஏறக்குறைய 30 ஹெக்டேர் பரப்புடையது. நீரினுள் நிற்கும் கடம்பு, கருவேல மரங்களில் நத்தைக்குத்தி நாரை, கரண்டிவாயன், அரிவாள் மூக்கன், நீர்க்காகம் முதலியன கூடு கட்டுகின்றன. சுற்றிலும் நீர் அகழிபோல் அமைவதால் நரியும் நாயும் கூடுகளை அணுக இயலாது. சில கல் தொலைவிலுள்ள கரிக்கிலியில் நீரின் ஆழம் குறைவு. ஆதலால் வடநாடுகளிலிருந்து வரும் வாத்தினங்களை அங்கே காணலாம். இவ்விரண்டும் 2022 இல் ராம்சர் பட்டியலில் இடம்பெற்றன.

‘வேடந்தாங்கல்’ என்னும் பெயர் வேடனை நினைவூட்டுவது. அவ்வூராரோ பறவைகளுக்குக் காவலராயினர். வெள்ளைச் சிப்பாய்கள் பறவைகளைச் சுட்டபோது அவர்கள் செங்கற்பட்டுக் கலெக்டரிடம் முறையிட்டனர். 1798 இல் கலெக்டர் லயனல் பிளேஸ் அவர்களது உரிமையை ஏற்றுக் கவுல் வழங்கினார். இங்கிலாந்தில் பெயர்பெற்ற ஸ்லிம்பிரிட்ஜ் நீர்ப்பறவைக் காப்பிடத்தைப் பீட்டர் ஸ்காட் தொடங்கியது 1946 இல்தான்.

ஒருமுறை மாணவர்களை அங்கு அழைத்துச் சென்றேன். ஒருவன் பைக்குள் உண்டிவில்லை மறைத்து வைத்திருந்தான். கரையிலிருந்த முதிய உழவர் ஒருவர் அதைக் கண்டுவிட்டார். “தம்பி, இவற்றின் எச்சம் கலந்த தண்ணீர்தான் எங்கள் வயலுக்கு உரம். இவற்றை அடித்தால் எங்கள் சோற்றை அடித்ததாகும்” என்றார். உண்டிவில்லை அவன் என்னிடம் தரவில்லை. வீடு திரும்பும்வரை வெளியே எடுக்கவும் இல்லை.

அன்று நானும் ஒன்று கற்றேன். கூடு வேடந்தாங்கலில் இருந்தாலும், இரை சுற்றுப்புற ஏரிகளிலும் வயல்களிலும் இருக்கிறது. நத்தைக்குத்தி நாரை கழனி நத்தைகளைத் தின்றே வாழ்கிறது. வயலில் நஞ்சு தெளித்து நத்தைகளை ஒழித்தால் குஞ்சு பட்டினி கிடக்கும். ஏரி தூர்ந்தால் மீனும் இல்லை. ஆகவேதான், சரணாலயத்தின் 5 கிலோமீட்டர் எல்லையைக் குறைக்க 2020 இல் முன்மொழிவு எழுந்தபோது பலர் எதிர்த்தனர்.

கார்த்திகை முதல் மாசி வரை ஏற்ற காலம். மழை பொய்த்த ஆண்டில் பறவைகளை மிகுதியாக எதிர்பார்க்க இயலாது. அதிகாலையில் செல்லுங்கள், அல்லது கூடு திரும்பும் அந்தி வேளையில் கரைமீது அமைதியாக நில்லுங்கள். பின்பு உங்கள் ஊர் ஏரியையும் ஒருமுறை சென்று பாருங்கள். அங்கே இரை தேடிய நாரையே வேடந்தாங்கலில் நீங்கள் கண்டதாக இருக்கலாம்.