தோலில் மறைந்திருக்கும் குறை

அரபுக் கல்லூரியில் ஃபிக்ஹுப் பாடம் தொடங்கும் மாணவர் முதலில் கற்பது தூய்மை பற்றிய இயலாகும். செத்த பிராணியின் தோல் பதனிடப்பட்டால் தூய்மையாகிவிடும் என்னும் சட்டம் அங்கே இடம்பெறுகிறது. பதனிடும் பொருள்களாகக் கருவேல இனத்துக் காய், மாதுளை ஓடு, படிகாரம் முதலியவற்றைச் சட்ட நூல்கள் குறிப்பிடுகின்றன. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு வட்டாரத்தில் நம் முன்னோர் ஆவாரம் பட்டையும் கடுக்காயும் கொண்டு ஆற்றிய பணியும் இதுவே.

இப்பாடத்தை நடத்திய நாளொன்றில் மாணவர் ஒருவர் தம் பாதத்தைக் காட்டினார். செருப்பின் வார் பட்ட இடம் மட்டும், வாரின் வடிவிலேயே, சிவந்து தடித்திருந்தது. அரக்கோணம் கடைத்தெருவில் புதிதாக வாங்கிய செருப்பு அது. சரும நோய் மருத்துவர் சோதித்துப் பார்த்துவிட்டு, "குரோமியம் ஒத்துக்கொள்ளவில்லை" என்றாராம். தூய்மை தரும் எனப் பாடத்தில் படித்த பதனீடு இங்கே நோயைத் தந்தது எவ்வாறு?

குரோமிய உப்பைக் கொண்டு தோல் பதனிடும் முறையை ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னையில் 1903ஆம் ஆண்டு சோதிக்கத் தொடங்கினார். பல வாரங்கள் பிடித்த வேலை ஓரிரு நாள்களில் முடிந்தது. இன்று உலகில் உற்பத்தியாகும் தோலின் பெரும்பகுதி இம்முறையிலேயே பதனிடப்படுகிறது. இதில் பயன்படும் குரோமியம் மூன்று இணைதிறன் கொண்டது, தீங்கு குறைந்தது. ஆயினும், தோலை மென்மையாக்கச் சேர்க்கும் சிலவகை எண்ணெய்கள், மிகுந்த காரத்தன்மை, வெப்பம், வறண்ட காற்று ஆகியவற்றால் அதன் சிறு பகுதி ஆறு இணைதிறன் கொண்டதாக மாறக்கூடும். இது சருமத்தில் எளிதில் ஊடுருவி ஒவ்வாமையை விளைவிக்கும். தொழிற்கூடங்களில் இதைச் சுவாசிப்போர்க்கு நுரையீரல் புற்றுநோயை உண்டாக்க வல்லது. ராணிப்பேட்டையில் 1990களில் மூடப்பட்ட குரோமேட் தொழிற்சாலை விட்டுச்சென்ற ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவை அஞ்சத்தக்கதாக்கியதும் இதுவேயாகும்.

இத்தகைய குறைகளை முதலில் தட்டிக்கேட்டவர் வெளிநாட்டார். பூஞ்சை பிடிக்காதிருக்கத் தோலில் சேர்த்த பென்டாகுளோரோபீனாலை ஜெர்மனி 1989இல் தடை செய்தது. புற்றுநோய் விளைக்கும் அமைன்களை வெளிவிடும் அசோ சாயங்களுக்கு 1994இல் தடை விதித்தது. நம் பகுதித் தொழிலதிபர்கள் தடுமாறினர். எனினும் மாற்றுப் பொருள்களுக்கு மாறினர். 1997இல் இந்தியாவும் அச்சாயங்களைத் தடை செய்தது. சருமத்தில் படும் தோல் பொருளில் ஆறு இணைதிறன் குரோமியம் கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டினால் அதனை விற்கலாகாது என்னும் ஐரோப்பிய ஒன்றிய விதி 2015 மே 1 முதல் நடைமுறைக்கு வந்தது.

இவ்விதியால் ஆம்பூரிலிருந்து ஐரோப்பாவுக்குக் கப்பலேறும் காலணி ஆய்வகத்தைக் கடந்தே செல்கிறது. கடைத்தெருவில் செருப்பு வாங்கும் நாமோ அளவையும் விலையையும் தவிர வேறொன்றும் கேட்பதில்லை. வெறுங்காலில், வியர்வையோடு அணிபவர்கள் நாமே. குரோமியத்தைத் தோலிலிருந்து கரைத்து வெளிக்கொணர்வதும் அவ்வியர்வையே.

மதீனாவின் கடைத்தெருவில் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, உள்ளே ஈரமிருப்பதைக் கண்டு, மக்கள் பார்க்கும்படி அதனை மேலே வைக்கக் கூடாதா எனக் கடிந்த நிகழ்ச்சி யாவரும் அறிந்ததே. பொருளில் மறைந்திருந்த குறை பின்னர் வெளிப்பட்டால் அதைத் திருப்பித் தரும் உரிமையை ஃபிக்ஹு 'கியாருல் ஐப்' என்கிறது. விற்றவர் அக்குறையை அறியாதவராயினும் இவ்வுரிமை உண்டு. அறியாமை அவரைப் பாவத்திலிருந்து விடுவிக்கலாம். வாங்கியவரின் உரிமையை நீக்காது.

இதற்கான பரிகாரம் தொலைவில் இல்லை. தாவரத் துவர்ப்பொருள்களால் தோலுக்கு மறுபதனம் செய்தால் குரோமியத்தின் இம்மாற்றம் பெரிதும் தடுக்கப்படுகிறது. முன்னோரின் கடுக்காய்க்கு இன்னும் வேலை இருக்கிறது! வார் பட்ட இடத்தில் தடிப்புக் கண்டவர் அச்செருப்பை விலக்கி, சரும மருத்துவரை நாட வேண்டும். கழிவுத் தோல் துண்டுகளை அடுப்பிலிட்டு எரித்தலாகாது. நெருப்பும் குரோமியத்தை ஆபத்தான வடிவுக்கு மாற்றும்.

பதனிடுவோரும் காலணி செய்வோரும் விற்போரும் நம்மிடையே உள்ளனர். அந்நியர் கேட்டுப் பெறும் உறுதியை, உள்ளூரில் வாங்குபவர்க்குக் கேளாமலே அளிப்பது அவர்கள்மீதுள்ள அமானிதம். கேட்டுப் பெறுவது நம் உரிமை.