பயன்படுத்திய மிதிவண்டிச் சக்கரத்தின் உண்மைத்தன்மை அறிதல்

பயன்படுத்திய மிதிவண்டிச் சக்கரத்தின் உண்மைத்தன்மை அறிதல் என்பது, ஒருவர் ஓட்டியபின் விற்பனைக்கு வரும் விலையுயர்ந்த சக்கரம், அதன்மேல் உள்ள பெயருக்குரிய நிறுவனம் செய்ததுதானா எனச் சோதிப்பதாகும். கரிம இழை விளிம்புகள் பரவிய பின்னர் இச்சோதனை பாதுகாப்பு தொடர்பானதாகவும் மாறியுள்ளது. விளிம்பிலேயே அழுத்தும் தடையை நெடுநேரம் பிடிக்கும்போது எழும் வெப்பத்தில், தரம் குறைந்த பிசின் இளகி விளிம்பு பிளவுபடக்கூடும்.

பெயரும் எண்ணும்

ஒட்டுப்படத்தை மட்டும் நம்புதல் தவறு. அசல் சக்கரத்திலும் அது உரிந்து மாற்றப்பட்டிருக்கலாம். பெயரை மறைத்ததற்கும் வரலாறு உண்டு. 1934 ஆம் ஆண்டு பிரான்சு சுற்றுப் பந்தயத்தில் வென்ற அந்தோனின் மாஞ், மாவிக் நிறுவனத்தின் டூராலுமின் விளிம்புகளை மரத்தைப் போல் வண்ணம் பூசிப் பயன்படுத்தினார். உலோக விளிம்புகளுக்கு அப்போது அனுமதி இல்லை. வரிசை எண்ணையும் போலி செய்பவர் படியெடுக்க இயலும். ஆகவே அவ்வெண்ணை நிறுவனத்திற்கோ அதன் முகவருக்கோ அனுப்பி, அந்த எண் எந்த மாதிரிக்கு உரியது எனக் கேட்டறிய வேண்டும்.

உள்ளமைப்பு

போலி செய்பவர் வெளித்தோற்றத்தில் செலுத்தும் கவனத்தை உள்ளே செலுத்துவது அரிது. எடுத்துக்காட்டாக, டிடி சுவிசு நிறுவனத்தின் 240 வகை ஹப்பில், கேசட்டைத் தாங்கும் பகுதியைப் பொதுவாகக் கருவி ஏதுமின்றிக் கையால் இழுத்தெடுக்கலாம். உள்ளே ஒன்றையொன்று நோக்கிய இரு பல்வளையங்கள் இருக்கும். அவற்றிற்குப் பதிலாகச் சிறு கொக்கிகள் காணப்பட்டால் அது அந்த ஹப் அன்று. டயரைக் கழற்றி, வால்வுத் துளை வழியே விளக்கொளியில் பார்த்தால் பிசின் கட்டிகளும் இழைச் சுருக்கங்களும் தெரியவரும். டயர், டியூப், கேசட் இன்றி எடை போட்டு, நிறுவனம் அறிவித்த எடையுடன் ஒப்பிடுவதும் பயன்தரும். சில கிராம் வேறுபாடு இயல்பே.

அளவுக் குழப்பம்

இந்தியாவின் வழக்கமான பெரிய மிதிவண்டியின் 28 x 1½ அங்குலச் சக்கரமும் பந்தய மிதிவண்டிச் சக்கரமும் "28 அங்குலம்" என்றே அழைக்கப்படுவதுண்டு. டயர் அமரும் விட்டம் முன்னதில் 635 மில்லிமீட்டர், பின்னதில் 622 மில்லிமீட்டர். பிரெஞ்சு முறையில் இவை முறையே 700பி, 700சி ஆகும்.

காரைக்கால் பகுதியில்

காவிரிப் படுகையின் கடற்கரையில் அமைந்த காரைக்காலில் இரண்டு செய்திகளைக் கருத்திற் கொள்ள வேண்டும். உப்புக் காற்றின் ஈரத்தில், கரிம இழையைத் தொட்டிருக்கும் அலுமினிய நிப்பிள்கள் மின்வேதி அரிப்புக்கு உள்ளாகி வெண்பொடி பூக்கும். இது போலிக்கு அடையாளம் அன்று, அசலிலும் நிகழ்வதே. எனினும் நிப்பிள்களை மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேச இடமுண்டு. மற்றொன்று நிலத்தின் சமதளம். இங்கு ஓட்டிப் பார்த்தால் எந்தச் சக்கரமும் குறையின்றியே தோன்றும். நீண்ட தடைபிடித்தலுக்கு வேலை வருவது 70 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைச் சாலை போன்ற இறக்கங்களில்தான். எனவே ஓட்டிப் பார்த்தல் உள்ளமைப்புச் சோதனைக்கு மாற்றாகாது.

சட்டம்

2003 செப்டம்பர் 15 முதல் நடைமுறையில் உள்ள வணிகக் குறிகள் சட்டம், 1999 புதுச்சேரி ஒன்றியப் பகுதிக்கும் பொருந்தும். போலி வணிகக் குறி இடுவோருக்கு இதன் 103 ஆம் பிரிவு 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2 இலட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்கிறது. அத்தகைய பொருளை விற்பதும் குற்றமே.